நரம்புக் கணத்தாக்கமும் அயன் கால்வாய்களும்

மாணவர்களே, தெறிவில்லின் படத்தை வரைந்து பெயரிடுவதில் உங்களுக்குப் பெரிய சிரமம் இருப்பதில்லை. புலன் நியூரோன், இடை நியூரோன், இயக்க நியூரோன் என்று வரிசையாக எழுதி, அம்புக்குறிகளையும் போட்டு விடுகிறீர்கள். ஆனால் அந்த அம்புக்குறி எதைக் குறிக்கின்றது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகி விடும். "கணத்தாக்கம் சேர்" என்று ஒருவர் சொல்வார். கணத்தாக்கம் என்றால் என்ன? "கரண்ட் சேர். வயரில போற மாதிரி."

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பிள்ளை இதையே திருப்பி என்னிடம் கேட்டாள். "வயர் மாதிரி எண்டால், நரம்பில கை வச்சால் ஏன் எங்களுக்கு ஷொக் அடிக்கிறேல்லை?" நான் கலைப் பட்டதாரி. அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. "அடுத்த வகுப்பில் சொல்கிறேன்" என்று சமாளித்துவிட்டு, உயர்தர உயிரியல் நூல்களை இரவல் வாங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு படித்தவற்றுள் உங்களுக்குத் தேவையானவற்றை இங்கு தருகிறேன். சில பகுதிகள் சாதாரண தரத்திற்குச் சற்று மேற்பட்டவை. எனினும் அவற்றை விளங்கிக்கொண்டால், பாடமாக்க வேண்டியவை பாதியாகக் குறைந்துவிடும்.

நரம்பு ஏன் வயர் அல்ல?

முதலில் வேகத்தை நோக்குவோம். செப்புக் கம்பியில் ஒரு மின் சமிக்ஞை செக்கனுக்கு ஓர் இலட்சம் கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்திற் செல்லும். நரம்பின் வேகமோ மிகக் குறைவு. 1850 ஆம் ஆண்டில் ஜேர்மனிய விஞ்ஞானியான ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் இதனை முதன்முதலாக அளந்தபோது, செக்கனுக்கு ஏறத்தாழ 25 முதல் 40 மீற்றர் வரையான பெறுமானங்களே கிடைத்தன. மனிதரில் மிக விரைவான நரம்பு நார்கள் செக்கனுக்கு 100 மீற்றர் அளவில் கடத்துகின்றன. மிக மெதுவானவை செக்கனுக்கு 1 மீற்றர் அளவிலேயே கடத்துகின்றன. நாம் நடக்கும் வேகம் அவ்வளவுதான்.

இதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். இருட்டில் கட்டில் காலில் கால்விரலை அடித்துக்கொண்டால் முதலில் "சுரீர்" என்ற நோ வரும். பின்னர் ஒரு கணம் கழித்து, ஆழமான, கடுக்கின்ற நோ மெதுவாக வந்து சேரும். இரண்டும் ஒரே அடியால் வந்தவை. வேகமான நார்கள் கொண்டுவந்த செய்தி முதலிலும், மெதுவான நார்கள் கொண்டுவந்த செய்தி பின்னரும் மூளையை அடைகின்றன. வயராக இருந்தால் இந்த இடைவெளி இருக்க முடியாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கலவுடலிலிருந்து நீண்டு செல்லும் நரம்பு முளையை அக்சன் என்று அழைப்பர். அதனுள் இருப்பது உலோகமன்று, உப்புக் கரைந்த நீர்மமான முதலுருவே. அது மின்னைக் கடத்துவதில் மிகப் பின்தங்கியது. உறையின் ஊடாகக் கசிவும் உண்டு. வெறுமனே மின்னோட்டமாகச் சென்றால், ஒரு சமிக்ஞை சில மில்லிமீற்றர் தூரத்துக்குள் தேய்ந்து இல்லாமற் போய்விடும். ஆனால் பாதத்தில் நெருஞ்சி முள் குத்திய செய்தி ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் வந்து முண்ணாணை அடைகின்றது. அடையும்போதும் புறப்பட்ட அதே அளவில் இருக்கின்றது. தேயவேண்டிய ஒன்று தேயாமல் வருகிறதென்றால், வழியெங்கும் அது புதிதாக உண்டாக்கப்படுகின்றது என்பதே பொருள். அதைச் செய்பவை அயன் கால்வாய்கள்.

தாங்கியும் மோட்டரும் குழாயும்

கலமென்சவ்வு கொழுப்பாலான மிக மெல்லிய படலம். ஏற்றம் கொண்ட அயன்கள் அதனூடாகத் தாமாகப் புக முடியாது. எனவே சவ்வின் இரு பக்கமும் வெவ்வேறு செறிவுகளைப் பேணமுடிகின்றது. மனித நரம்புக்கலம் ஒன்றில் சோடியம் அயனின் செறிவு உள்ளே இருப்பதைவிட வெளியே 10 மடங்கு அளவில் அதிகம். பொற்றாசியம் அயனோ வெளியே இருப்பதைவிட உள்ளே 30 மடங்கு அளவில் அதிகம். "சோடியம் வெளியே, பொற்றாசியம் உள்ளே" என்ற இந்த ஒரு வரியை மட்டும் பாடமாக்குங்கள். மற்றவை இதிலிருந்து தாமாகவே வரும்.

இந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கி வைத்திருப்பது சோடியம்-பொற்றாசியம் பம்பி எனப்படும் புரதம். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ இதனை 1957 இல் கண்டறிந்தார். 1997 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒவ்வொரு சுற்றிலும் இப்பம்பி ஏ.ரீ.பி மூலக்கூறு ஒன்றின் சக்தியைச் செலவிட்டு 3 சோடியம் அயன்களை வெளியேற்றி, 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கின்றது. செறிவு கூடிய பக்கத்துக்குத் தள்ளுவதால் சக்தி தேவைப்படுகின்றது. எமது உடல் நிறையில் 2 சதவீதம் அளவே வரும் மூளை, ஓய்விலிருக்கும் உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைப் பயன்படுத்துவதற்கு இப்பம்பிகளும் ஒரு பெருங்காரணம்.

கால்வாய் வேறு, பம்பி வேறு. விடைத்தாள்களில் மிக அதிகமாகக் குழப்பப்படும் இடம் இதுதான். வீட்டுக் கிணற்றடியை நினைத்துப் பாருங்கள். மோட்டர் நீரை மேலே ஏற்றித் தாங்கியை நிரப்புகின்றது. அதற்கு மின்சாரம் வேண்டும். குழாயைத் திறந்தால் நீர் தானாகவே விழும். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. பம்பி மோட்டரைப் போன்றது, அயன் கால்வாய் குழாயைப் போன்றது. கால்வாயினூடாக அயன்கள் செல்வது வெறும் பரவலே, ஏ.ரீ.பி செலவாவதில்லை. வேகத்திலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒரு பம்பி செக்கனுக்குச் சில நூறு அயன்களையே நகர்த்தும். திறந்திருக்கும் கால்வாய் ஒன்றினூடாகச் செக்கனுக்கு ஒரு கோடி அளவிலான அயன்கள் பாய முடியும்.

கரண்ட் நின்றாலும் தாங்கியில் நீர் உள்ளவரை குழாயில் நீர் வருமல்லவா? நரம்பிலும் அப்படியே. பம்பிக்கான சக்தியை நஞ்சூட்டி நிறுத்திய பின்னரும், கணவாயின் பெரிய நரம்பு நார் ஒன்று ஆயிரக்கணக்கான கணத்தாக்கங்களைக் கடத்துவதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஒரு கணத்தாக்கத்தின்போது இடம்மாறும் அயன்களின் அளவு, தாங்கியிலிருந்து ஒரு குவளை எடுத்தது போன்றதுதான். ஆகவே "ஒவ்வொரு கணத்தாக்கத்தின் பின்னும் பம்பி சவ்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றது" என்று எழுதுவது பிழை. எத்தனையோ குறிப்புப் புத்தகங்களில் இந்தப் பிழை இருக்கின்றது. என்னுடைய பழைய குறிப்பிலும் இருந்தது.

ஓய்வு நிலை

தூண்டப்படாத நரம்புக்கலத்தில் பொற்றாசியத்துக்கான சில கால்வாய்கள் எப்போதும் திறந்தே இருக்கின்றன. உள்ளே நெருக்கமாக உள்ள பொற்றாசியம் அயன்கள் இவற்றினூடாக வெளியே கசிகின்றன. ஒவ்வொன்றும் வெளியேறும்போது ஒரு நேர் ஏற்றத்தைக் கொண்டு செல்வதால் உட்புறம் மறையேற்றம் பெறுகின்றது. அந்த மறையேற்றம் பொற்றாசியத்தைத் திரும்ப இழுக்கும். வெளித்தள்ளலும் உள்ளிழுப்பும் ஏறத்தாழச் சமன்படும் நிலையில், வெளிப்புறம் சார்பாக உட்புறம் -70 மில்லிவோல்ற்று அளவில் நிற்கும். இதுவே ஓய்வு அழுத்தம். சவ்வு முனைவாக்கம் பெற்றுள்ளது என்று இதனைச் சொல்வர்.

70 மில்லிவோல்ற்று என்பது சிறிய ரோச் பற்றறி ஒன்றின் இருபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஷொக் அடிக்காததற்கு இது ஒரு காரணம். ஆனால் இதைச் சிறிது என்று அலட்சியப்படுத்த வேண்டாம். சவ்வின் தடிப்பு ஏறத்தாழ 7 நனோமீற்றர். வோல்ற்றளவைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள்: மீற்றருக்கு ஒரு கோடி வோல்ற்று என்று வரும். மின்னற்பொறி காற்றில் பாய்வதற்கு மீற்றருக்கு 30 இலட்சம் வோல்ற்று அளவு போதும். இவ்வளவு வலிமையான மின்புலத்துக்குள் அமர்ந்திருக்கும் புரதம், அந்தப் புலம் சற்று மாறினாலும் உருமாறும். கால்வாயின் கதவு திறப்பதன் இரகசியம் இதுவே.

கதவுகள் திறக்கும் ஒழுங்கு

சோடியம் கால்வாயின் புரதத்தில் நேர் ஏற்றம் கொண்ட பகுதிகள் உள்ளன. உட்புறம் மறையேற்றமாக உள்ளவரை அவை உட்பக்கம் இழுக்கப்பட்டிருக்கும், கதவும் மூடியிருக்கும். முள் குத்துதல் போன்ற தூண்டலால் உட்புறத்தின் மறைத்தன்மை சற்றுக் குறைந்தால், அப்பகுதிகள் வெளிப்பக்கம் நகர்ந்து கதவைத் திறக்கின்றன. வெளியே நெருக்கமாக உள்ள சோடியம் உள்ளே பாயும். அது நேர் ஏற்றம் உடையது. ஆகவே மறைத்தன்மை மேலும் குறையும். அதனால் அயலிலுள்ள மேலும் பல சோடியம் கால்வாய்கள் திறக்கும். இன்னும் சோடியம் பாயும்.

-55 மில்லிவோல்ற்று அளவிலான ஓர் எல்லையைத் தாண்டியதும் இந்தச் சங்கிலியை நிறுத்த முடியாது. அரை மில்லிசெக்கனுக்குள் உட்புறம் +30 மில்லிவோல்ற்று அளவுக்கு உயர்ந்து விடும். எல்லையைத் தொடாவிட்டாலோ கணத்தாக்கம் எதுவும் நிகழாது. பாதிக் கணத்தாக்கம் என்று ஒன்றில்லை. இதனையே எல்லாம் அல்லது ஒன்றுமில்லை விதி என்பர்.

பின்னர் இரண்டு விடயங்கள் நடக்கின்றன. ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனில் சோடியம் கால்வாயின் உட்பக்கத்தை, அதே புரதத்தின் ஒரு பகுதி தக்கை போல அடைத்துக்கொள்கிறது. இந்த அடைப்பு, கதவு மூடுவதிலிருந்து வேறானது. தக்கை விழுந்த கால்வாயை எவ்வளவு பலமாகத் தூண்டினாலும் திறக்க முடியாது. சவ்வு மீண்டும் மறையேற்றம் பெற்றால்தான் தக்கை விலகும். இதே வேளையில், மந்தமாகத் திறக்கும் இன்னொரு வகைப் பொற்றாசியம் கால்வாய்கள் திறந்து முடிகின்றன. பொற்றாசியம் வெளியே பாய, உட்புறம் மீண்டும் மறையேற்றம் பெறுகின்றது. இதுவே மீள்முனைவாக்கம். பம்பிக்கு இங்கே வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை எல்லாம் ஓரிரு மில்லிசெக்கன்களில் நடந்து முடிந்துவிடும்.

ஓரிடத்தில் புகுந்த சோடியம் அக்சனினுள் இரு பக்கமும் சிறிது தூரம் பரவி, அயற்பகுதியை எல்லைக்குக் கொண்டுவருகின்றது. அங்குள்ள கால்வாய்கள் திறக்கின்றன. அப்பகுதி தன் அயலைத் தூண்டுகின்றது. வெடித்திரியில் நெருப்பு ஊர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். திரியின் தொடக்கத்தில் இருந்த நெருப்பே முடிவு வரை போவதில்லை. ஒவ்வொரு துண்டும் தன்னிடமுள்ள மருந்தைத்தான் எரிக்கின்றது. அதனால்தான் நெருப்பு தேய்வதில்லை. எரிந்த பக்கம் திரும்பி எரியாதது போல, சற்று முன் திறந்த கால்வாய்களில் தக்கை விழுந்திருப்பதால் கணத்தாக்கம் வந்த வழியே திரும்பாது. எரிந்த திரி எரிந்ததுதான். நரம்போ ஓரிரு மில்லிசெக்கனில் அடுத்ததற்கு ஆயத்தமாகி விடும். உவமை இந்த இடத்தில் முடிந்து விடுகிறது.

மயலின் உறையுள்ள நார்களில் கால்வாய்கள் பெரும்பாலும் இரன்வியரின் கணுக்களில் நெருக்கமாக உள்ளன. கணத்தாக்கம் கணுவுக்குக் கணு தாவிச் செல்வதாலேயே அந்த 100 மீற்றர் வேகம் கிடைக்கின்றது.

கணவாய் சொன்ன செய்தி

இவ்வளவும் எப்படித் தெரியவந்தது? மனித அக்சனின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அதற்குள் கம்பியை நுழைக்க முடியாது. ஆனால் நாம் கறி வைக்கும் ஊசிக் கணவாயின் இனத்தைச் சேர்ந்த லொலிகோவின் உடலில், ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த அக்சன்கள் உள்ளன. ஆபத்து வந்தால் உடற்சுவரைச் சடுதியாகச் சுருக்கி, நீரைப் பீச்சித் தப்பியோடுவதற்கு அவை உதவுகின்றன. ஜே. இசட். யங் என்பவர் 1936 இல் இவற்றை நரம்பு ஆய்வுக்கு அறிமுகப்படுத்தினார்.

1939 கோடையில் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வு நிலையத்தில் அலன் ஹொட்ஜ்கினும் அவரது மாணவர் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் இந்த அக்சனுக்குள் நுண்ணிய மின்வாயைச் செருகினர். கணத்தாக்கத்தின்போது உட்புறத்தின் மறையேற்றம் பூச்சியத்துக்கு வந்து நிற்கும் என்பதே அக்காலத்துக் கருத்து. அவர்கள் கண்டதோ வேறு. அது பூச்சியத்தையும் தாண்டி நேர்ப் பக்கம் ஏறியது. சவ்வு வெறுமனே ஓட்டையாகி எல்லா அயன்களும் கலந்திருந்தால் இப்படி நடக்காது. ஏதோ ஓர் அயன் மட்டும் தெரிவாக உள்ளே வருகின்றது. எந்த அயன் என்று தேடுவதற்குள் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. ஆய்வு ஆண்டுக்கணக்கில் நின்றது.

போரின் பின்னர் ஹொட்ஜ்கினும் பேர்னாட் கட்ஸ் என்பவரும் கடல்நீரின் ஒரு பகுதியை அகற்றிக் குளுக்கோசுக் கரைசலைச் சேர்த்துப் பார்த்தனர். வெளியே சோடியம் குறைந்த அளவுக்குக் கணத்தாக்கத்தின் உயரமும் குறைந்தது. 1949 இல் இது வெளியானது. 1952 இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் சோடியத்தின் ஓட்டத்தையும் பொற்றாசியத்தின் ஓட்டத்தையும் தனித்தனியே அளந்து, சமன்பாடுகளாக எழுதினர். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது திருத்த வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணிப்புப் பொறியில் வாரக்கணக்காகக் கணக்கிட்டார். கணக்கில் வந்த வேகம் செக்கனுக்கு 18.8 மீற்றர். உண்மையான அக்சனில் அளந்தது 21.2 மீற்றர். கணிதம் கடினம் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கால்வாய் என்ற பொருளை யாரும் காணாத காலத்தில் கிடைத்த பொருத்தம் இது. 1963 இல் இருவரும் ஜோன் எக்கிள்ஸ் என்பவருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றனர்.

தனியொரு கால்வாயின் மின்னோட்டத்தை 1976 இல் ஜேர்மனியில் ஏர்வின் நேயரும் பேர்ட் சக்மனும் முதன்முதலாகப் பதிவு செய்தனர். கண்ணாடிக் குழாயின் நுண்ணிய முனையைச் சவ்வில் ஒட்டவைத்தபோது, மின்னோட்டம் படிப்படியாக அன்றிச் சட்டென ஏறிச் சட்டென இறங்கியது. கதவு திறந்தது, மூடியது. அவர்களுக்கு 1991 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு புதிர் உண்டு. சோடியம் அயனின் ஆரை 0.095 நனோமீற்றர். பொற்றாசியம் அயனின் ஆரை 0.133 நனோமீற்றர். பொற்றாசியம் பெரியது. பெரியது நுழையும் துவாரத்தினூடாகச் சிறியதும் நுழைய வேண்டுமல்லவா? ஆனால் பொற்றாசியம் கால்வாய் சோடியத்தை விடுவதில்லை. இதற்கு விடை 1998 இல் கிடைத்தது. பக்ரீரியா ஒன்றின் பொற்றாசியம் கால்வாயின் அமைப்பை ரொடெரிக் மக்கினன் குழுவினர் எக்ஸ் கதிரால் கண்டறிந்தனர். நீரில் உள்ள அயனை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்திருக்கும். கால்வாயுள் நுழைய அவற்றை உதற வேண்டும். உதறுவதற்குச் சக்தி தேவை. கால்வாயின் ஒடுங்கிய பகுதியில் ஒட்சிசன் அணுக்கள், நீர் பிடித்திருந்த அதே தூரத்தில் பொற்றாசியத்தைப் பிடித்துக்கொள்ளுமாறு அமைந்துள்ளன. பொற்றாசியத்துக்கு இழப்பு இல்லை. சிறிய சோடியத்துக்கு அந்தக் கைகள் எட்டாது. எனவே அது நீரை விட்டு வர மறுக்கின்றது. துவாரத்தின் பருமனன்று, பொருத்தமே தீர்மானிக்கின்றது. மக்கினன் 2003 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கதவை அடைத்தால்

பல் பிடுங்கப் போனவர்களுக்கு விறைப்பு ஊசியைத் தெரியும். அதிலுள்ள லிக்னோகெயின் போன்ற மருந்து, சோடியம் கால்வாயின் உட்பக்கத்தில் போய் அமர்ந்து பாதையை அடைக்கின்றது. பல்லில் தூண்டல் நிகழ்கின்றது; மூளையும் விழிப்பாக உள்ளது. இடையில் திரி அறுந்துவிட்டது, அவ்வளவுதான். எனக்குக் கடைவாய்ப் பல் எடுத்தபோது, வைத்தியர் குறட்டால் அசைப்பது நன்றாகத் தெரிந்தது, நோ இருக்கவில்லை. நோவைக் கடத்தும் மெல்லிய நார்கள் இம்மருந்துக்கு முதலில் அடங்குகின்றன. அழுத்தத்தை உணர்த்தும் தடித்த நார்கள் பின்னரே அடங்கும். ஊசி போட்டும் "தெரியுது" என்று சொல்லிப் பயப்படாதீர்கள்.

எமது கடல்களிலும் களப்புகளிலும் பிடிபடும் பேத்தை மீனை மீனவர்கள் வலையிலிருந்து எடுத்து எறிந்து விடுவார்கள். பல பேத்தை இனங்களின் ஈரலிலும் சினையிலும் ரெற்றிரோடொட்சின் என்ற நஞ்சு உண்டு. அது சோடியம் கால்வாயின் வாயை வெளிப்பக்கத்திலிருந்து அடைக்கின்றது. சமைப்பதால் இந்நஞ்சு அழியாது. உதடும் நாக்கும் விறைத்து, கைகால் தளர்ந்து, இறுதியில் சுவாசத் தசைகளுக்குக் கட்டளை போகாமல் மூச்சு நின்று விடும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு நீங்கும் வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றவேண்டும். பேத்தை தான் மட்டும் ஏன் சாவதில்லை? அதன் சோடியம் கால்வாயில், நஞ்சு ஒட்டும் இடத்தின் அமினோ அமிலம் மாறியிருக்கின்றது.

இதைப் படித்ததும் என் வகுப்பில் ஒருவர், "நோவே வராமல் கால்வாயை அடைத்து வச்சால் நல்லம்தானே சேர்" என்றார். அப்படி ஒரு சிறுவன் வட பாகிஸ்தானில் இருந்தான். கையைக் கத்தியால் ஊடுருவக் குத்தியும், தணலில் நடந்தும் தெருவில் வித்தை காட்டி வந்தான். தொடுகை தெரியும், சூடு குளிர் தெரியும், நோ மட்டும் தெரியாது. வீட்டுக் கூரையிலிருந்து குதித்து, 14 வயது நிறையுமுன் இறந்து போனான். அதே குறைபாடுள்ள மேலும் 6 பிள்ளைகளை ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். அறுவரும் சிறு வயதில் தம் நாக்கையோ உதட்டையோ தாமே கடித்துக் காயப்படுத்தியிருந்தனர். 2006 இல் வெளியான அந்த ஆய்வு காரணத்தைக் காட்டியது. மனிதரில் உள்ள 9 வகைச் சோடியம் கால்வாய்களுள், நோ நரம்புகளில் முக்கியமான ஒரு வகை அவர்களில் வேலை செய்யவில்லை. ஒரே ஒரு வகைக் கதவு திறக்காததால், தன் உடலைக் காக்கும் வழி ஒரு பிள்ளைக்கு இல்லாமற் போயிற்று.

ஆனால் சத்திர சிகிச்சை செய்துகொண்டவருக்குச் சில நாட்களுக்கு மட்டும் நோவை அடக்குவது வேறு விடயம். நோ நரம்புகளில் உள்ள இன்னொரு வகைச் சோடியம் கால்வாயை மட்டும் அடைக்கும் சூசெற்றிரிஜின் என்ற மருந்துக்கு 2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது மோர்பின் வகையைச் சாராதது.

சில வினாக்கள்

பலமாகக் குத்தினால் கணத்தாக்கம் பெரிதாகுமா என்ற வினாவுக்கு, ஆம் என்று எழுதினால் புள்ளி இல்லை. ஒவ்வொரு கணத்தாக்கமும் ஒரே உயரம் உடையது. பலமான தூண்டலில் ஒரு செக்கனில் நிகழும் கணத்தாக்கங்களின் எண்ணிக்கை கூடுகின்றது. தூண்டப்படும் நார்களின் எண்ணிக்கையும் கூடலாம். வெடித்திரியைப் பெரிய நெருப்பால் பற்ற வைத்தாலும், ஊரும் நெருப்பு அதே அளவுதான்.

அக்சனின் நடுப்பகுதியைச் செயற்கையாகத் தூண்டினால் கணத்தாக்கம் எத்திசையிற் செல்லும்? இரு திசையிலும் செல்லும். இங்கு பலர் தடுக்கி விழுகிறீர்கள். தக்கை விழுந்த பகுதி வந்த வழியை மட்டுமே மறிக்கிறது. நடுவில் தொடங்கினால் இரு பக்கமும் புதிய பகுதிகளே. அப்படியானால் தெறிவில்லில் ஏன் ஒரே திசை? நியூரோன்கள் ஒன்றையொன்று சந்திக்கும் நரம்பிணைப்பே காரணம். கணத்தாக்கம் அக்சனின் முடிவை அடைந்ததும் அங்குள்ள கல்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. உட்புகும் கல்சியம், அங்கு சேமிக்கப்பட்டுள்ள கடத்திப் பதார்த்தத்தை இடைவெளியில் விடச் செய்கின்றது. அப்பதார்த்தம் எதிர்ப்பக்கச் சவ்விலுள்ள கால்வாய்களைத் திறக்கின்றது. அனுப்பும் வசதி ஒரு பக்கத்திலும் பெறும் வசதி மறுபக்கத்திலும் இருப்பதால் செய்தி திரும்ப முடியாது. நாகபாம்பின் நஞ்சிலுள்ள ஒருவகைப் புரதம், தசையில் இந்தப் பெறும் இடத்தைத்தான் மறைக்கின்றது.

கடைசியாக ஒரு வினா. இது பரீட்சைத் தாளில் வந்ததன்று. ஒரு பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அவளுடைய அம்மப்பா சிறுநீரக நோயாளி. "இளநீர் நல்லதெண்டுதானே எல்லாரும் சொல்லுகினம். டொக்டர் ஏன் இளநீரையும் வாழைப்பழத்தையும் குறைக்கச் சொன்னவர்?"

இரண்டிலும் பொற்றாசியம் அதிகம். நலமான சிறுநீரகம் மிகையான பொற்றாசியத்தைச் சிறுநீருடன் வெளியேற்றி விடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது இயலாது, குருதியில் சேரும். குருதியில் சாதாரண அளவு லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமூல் வரையே. உள்ளே இருக்கும் அளவோ 140 வரும். வெளியே 4 இருந்தது 8 ஆனால், உள்ளே எதுவும் மாறாமலே 35 மடங்கு வித்தியாசம் 17.5 மடங்காகக் குறைந்து விடுகிறது. பொற்றாசியம் வெளியே கசிவது குறையும். கசிவு குறைந்தால் உட்புறத்தின் மறையேற்றம் குறையும். ஓய்வு அழுத்தம் பூச்சியத்தை நோக்கி நகரும். தொடக்கத்தில் கலம் எளிதில் தூண்டப்படுவதாகத் தோன்றலாம். ஆனால் மறையேற்றம் போதாதபோது சோடியம் கால்வாய்களின் தக்கைகள் விலகமாட்டா. திறக்கக்கூடிய கதவுகள் குறைந்துகொண்டே போகும். இதயத் தசையும் இதே கால்வாய்களை நம்பியே துடிக்கின்றது. அதனால் துடிப்பின் ஒழுங்கு குலைந்து, இதயம் நின்றுவிடவும் கூடும். அம்மப்பாவுக்கு இளநீர் கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னது இதற்காகத்தான்.